டாஸ் 4.00 கம்பைல் ஆகிவிட்டது: உதவிய எல்லோருக்கும் ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

வணக்கம். செய்தி இதுதான். மைக்ரோசாஃப்டின் பழைய இயங்குதளமான எம்எஸ்-டாஸ் 4.00இன் மூலநிரலை முழுதாகக் கம்பைல் செய்தாயிற்று, அதாவது மனிதர் எழுதிய நிரலைக் கணினி ஓட்டக்கூடிய ஃபைல்களாக மாற்றியாயிற்று. அதில் விளைந்த ஃபைல்களை மட்டும் வைத்து ஒரு ஃப்ளாப்பி தயாரித்து, நிஜமான ஐபிஎம் எக்ஸ்டி கணினி ஒன்றில் போட்டு ஓட்டியும் பார்த்தாயிற்று. தேதி கேட்டது, நேரம் கேட்டது, அப்புறம் ஏ ட்ரைவின் ப்ராம்ப்ட் வந்து நின்றது. 'வெர்' என்று தட்டினால் 4.00 என்கிறது.

உங்களுக்குத் தனித்தனியாக நன்றி சொல்லிவிட்டேன்தான். ஆனாலும் யார் எந்த முடிச்சை அவிழ்த்தார்கள் என்று பொதுவில் எழுதி வைத்தால், நாளை இதே வேலையில் இறங்குகிறவருக்கும் உதவும். பெயர் போட வேண்டாம் என்று உங்களில் சிலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. சார் என்றால் எந்த சார், அக்கா என்றால் எந்த அக்கா என்று அவரவருக்குத் தெரியும்.

முதலில், நிரலை வெளியே விட்டவர்களுக்கு நன்றி. டாஸின் ஆரம்பகாலப் பதிப்புகளின் நிரல் 2014இல் கலிஃபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தின் வழியாக வந்தது. 2018இல் அதே நிரல் எம்ஐடி உரிமத்தோடு, நிரல் பகிரும் தளமான கிட்ஹப்புக்கு வந்தபோதுதான் யாரும் எடுத்து எதுவும் செய்யலாம் என்று ஆனது. 4.00 வந்தது 2024 ஏப்ரலில், ஐபிஎம்மின் ஒத்துழைப்போடு. அது வந்த கதையும் நல்ல கதை. ஓர் இளம் ஆய்வாளர், மைக்ரோசாஃப்டில் உயர் பதவியில் இருந்த ரே ஆஸியிடம் பழைய மென்பொருள்களைப் பற்றி விசாரித்திருக்கிறார். ஆஸி அதற்கு முன் லோட்டஸ் என்ற மென்பொருள் நிறுவனத்தில் இருந்த காலத்தில் அவருக்கு அனுப்பப்பட்ட ஃப்ளாப்பிகளில், பரவலாக வெளியாகாத பல்பணி டாஸ் (ஒரே நேரத்தில் பல நிரல்களை ஓட்டுவது) ஒன்றின் சோதனைப் பதிப்பு கிடைத்தது. அதன் நிரல் இருக்கிறதா என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணக் காப்பகத்தில் தேடியது. அது முழுதாகக் கிடைக்கவில்லை, 4.00 கிடைத்தது. அந்த ஆய்வாளர் கேட்காமல் இருந்திருந்தால் இந்த மடலுக்கே வேலை இருந்திருக்காது.

அந்தத் தொகுப்பில் டூல்ஸ் என்ற டைரக்டரியையும் சேர்த்து வைத்தவர் யாரோ, அவருக்குத் தனி நன்றி. அசெம்பிளி நிரலை மாற்றும் மாஸ்ம் 5.1, அதே காலத்து சி கம்பைலர், துண்டுகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர், இவற்றை வரிசையாக ஓட்டும் மேக் எல்லாம் அதிலேயே இருக்கின்றன. பழைய நிரல் வெளியீடுகளில் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கையை விரித்துவிடுவார்கள். நிரல் கிடைக்கும், அதைக் கட்டிய கருவி எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியாது. இங்கே செட்என்வி.பேட் ஃபைலைத் திறந்து, பேக்ரூட் என்ற மாறியில் நம் ட்ரைவைக் குறிப்பிட்டு, அதை ஓட்டிவிட்டு மேக்கைக் கூப்பிட்டால் போதும். காகிதத்தில் அவ்வளவுதான். நிஜத்தில் அவ்வளவு இல்லை என்பதால்தான் சாருக்கு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

சார், நீங்கள் அன்றைக்குத் திரையைப் பார்த்துச் சொன்ன பதிலை இங்கே விரிவாகவே எழுதுகிறேன். வன்பொருளோடு பேசும் ஐஓ.சிஸ் ஃபைலின் நிரல் இருக்கும் பயாஸ் டைரக்டரி வரை ஒழுங்காக ஓடிவந்த பில்ட் (மேக் எல்லாவற்றையும் கட்டும் ஓட்டம்) அங்கே நின்றுவிட்டது. பிழை என்று எதுவும் இல்லை. அடிப்படை செக்மென்ட் என்ன என்று ஒரு கேள்வி, பக்கத்தில் கர்சர் மினுக்கிக்கொண்டிருக்கிறது. எமுலேட்டர் (நம் கணினிக்குள் பழைய கணினியைப் போல் நடிக்கும் மென்பொருள்) தொங்கிவிட்டதா, லிங்கரில் கோளாறா என்று நாங்கள் ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். நீங்கள் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "லொக்எஸ்சிஆர் ஃபைல் எத்தனை பைட் இருக்கிறது, பாருங்கள்."

அந்த ஃபைலில் இருப்பது 70 என்ற எண் மட்டும். டாஸின் ஐஓ.சிஸ் நினைவகத்தில் பதினாறடிமானக் கணக்கில் 70ஆவது செக்மென்டில் குடியேறும். செக்மென்ட் என்பது பதினாறு பதினாறு பைட்டாக எண்ணும் இட எண். அதாவது 1,792ஆவது பைட்டிலிருந்து, குறுக்கீட்டு அட்டவணைக்கும் பயாஸின் சொந்தத் தரவுக்கும் சற்று மேலே. லிங்கர் கொடுக்கும் இஎக்ஸ்இ ஃபைலை நேரடி பைனரியாக மாற்றும்போது இஎக்ஸ்இ2பின் என்ற கருவி இந்த எண்ணைக் கேட்கிறது. மனிதர் உட்கார்ந்து தட்ட வேண்டாமே என்று பதிலை ஒரு ஃபைலில் எழுதி உள்ளே திருப்பிவிட்டிருக்கிறார்கள். டாஸைப் பொறுத்தவரை வரி முடிந்தது என்பதற்கு அடையாளம் 13 என்ற எழுத்து, அதைத் தொடர்ந்து 10. நம் கையில் இருந்த பிரதியில், வழியில் எங்கோ ஓரிடத்தில் அந்த 13 உதிர்ந்துபோய் 10 மட்டும் மிஞ்சியிருந்தது. டாஸ் 7ஐ வாசித்தது, 0ஐ வாசித்தது, என்டர் தட்டுவார்கள் என்று காத்துக்கொண்டே இருந்தது. வராத என்டருக்காக அது எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

இதை நீங்கள் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. டாஸில் பல காலம் வேலை செய்தவருக்குத் தோன்றுகிற முதல் சந்தேகம் அது. எங்களுக்கு அது கடைசிச் சந்தேகமாகக்கூட வந்திருக்காது.

அடுத்தது தம்பி. சார் காரணத்தைச் சொன்னார், தம்பி அதை வேலையாக மாற்றினான். எல்லா ஃபைலுக்கும் ஒரே அடியாக 13ஐச் சேர்த்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் டூல்ஸிலும் லிப்பிலும் பைனரிகள் கிடக்கின்றன. அவற்றுக்குள் தற்செயலாக வரும் ஒவ்வொரு 10க்கு முன்னும் ஒரு 13 நுழைந்தால் கம்பைலரே செத்துவிடும். தம்பி எழுதிய ஸ்கிரிப்ட் ஃபைல் பெயரின் விரிவை (புள்ளிக்குப் பின் வரும் எழுத்துகளை) பார்த்து அசெம்பிளி, சி, இன்க், பேட், எஸ்கேஎல் என்று எழுத்து ஃபைல்களை மட்டும் பொறுக்கி எடுக்கிறது. ஏற்கெனவே 13 இருந்தால் இன்னொன்றைச் சேர்ப்பதில்லை, அதனால் எத்தனை தடவை ஓட்டினாலும் கெடுதல் இல்லை. விரிவே இல்லாத லொக்எஸ்சிஆரை மட்டும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறான். நான் ஒரு வார்த்தைகூட மாற்றாமல் பயன்படுத்திய ஸ்கிரிப்ட் அது.

கெட்டுப்போன எழுத்துகளைக் கண்டுபிடித்ததும் அவன்தான். அந்தக் காலத்து நிரலாளர்கள் 437ஆம் எழுத்துக் குறியீட்டுத் தொகுப்பில் உள்ள கோடுகளையும் மூலைகளையும் வைத்து அழகாகக் கட்டம் போடுவார்கள். ஒரு கோட்டுத் துண்டுக்கு ஒரு பைட். அதை யாரோ யூனிகோட் என்று நினைத்துப் படித்தால், புரியாத ஒவ்வொரு பைட்டின் இடத்திலும் 239, 191, 189 என்ற மூன்று பைட்டுகள் வந்து உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு மூலத்தில் இருந்தது கோடா மூலையா என்று சொல்ல வழியே இல்லை. மேப்பர் டைரக்டரியில் கெட்மெஸ்ஸேஜ் ஃபைல், செலக்ட் டைரக்டரியில் செலக்ட்2, யுஎஸ்ஏ.இன்ஃப் என்று மூன்று இடத்தில் இப்படி. தம்பி அவற்றை # என்று மாற்றிவிட்டு நகர்ந்தான். கட்டம் போட்ட அழகு போயிற்று, பில்ட் ஓடியது. இந்த மாதிரித் தொகுப்புகளைப் பாதுகாப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. தயவுசெய்து மூலத்தை பைட் மாறாமல் ஒரு ஜிப்பாகவும் வையுங்கள். ஃபைலின் பழைய தேதியும் அதில் தப்பிக்கும்.

டாஸ்பாக்ஸ், பிசிஎம், 86பாக்ஸ் ஆகிய எமுலேட்டர்களை எழுதியவர்களுக்கும் நன்றி. அவர்களைப் பற்றி நிறையச் சொல்லலாம், ஆனால் அவர்கள் மென்பொருளின் பெருமையே அது இருப்பது தெரியாமல் வேலை செய்வதுதான். பில்டை டாஸ்பாக்ஸில் ஓட்டினோம், விளைந்ததை 86பாக்ஸில் சோதித்தோம். அவ்வளவு.

இப்போது அக்கா. எமுலேட்டரில் ஓடிவிட்டதே, போதாதா என்று நான் கேட்டபோது "நிஜ மெஷினில் ஓடட்டும், அப்புறம் பேசலாம்" என்றீர்கள். உங்களிடம் எக்ஸ்டி இருந்தது, 360 கேபி ட்ரைவ் இருந்தது, எல்லாவற்றுக்கும் மேலாக இந்த விஷயத்தில் பிடிவாதம் இருந்தது.

முதல் ஃப்ளாப்பி, இது சிஸ்டம் டிஸ்க் அல்ல, மாற்றிப் போட்டு ஏதாவது ஒரு விசையைத் தட்டு என்றது. ஃபைல்கள் எல்லாம் டிஸ்கில் இருக்கின்றன, டைரக்டரி போட்டுப் பார்த்தால் கண்ணெதிரே தெரிகின்றன. நீங்கள் பட்டியலின் வரிசையைக் காட்டினீர்கள். நம் டிஸ்க் இமேஜ் கருவி அகரவரிசையில் எழுதியிருந்ததால் கமாண்ட்.காம் முதலில் நின்றது. கணினி டிஸ்கிலிருந்து முதலில் படிக்கும் துண்டான பூட் செக்டாரில் இருப்பது 512 பைட். அதற்குள் ஃபைலைத் தேடும் சாமர்த்தியத்துக்கெல்லாம் இடமில்லை. ரூட் டைரக்டரியின் முதல் வரியில் ஐஓ.சிஸ், இரண்டாவதில் எம்எஸ்டாஸ்.சிஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இல்லையென்றால் கையை விரித்துவிடும்.

டிஸ்கில் சிஸ்டம் ஃபைல்களை எழுதும் சிஸ் கட்டளை இருந்தால் இந்த வரிசையை அதுவே பார்த்துக்கொள்ளும். ஆனால் நாம் கட்டிய சிஸ், 4.00இல்தான் ஓடுவேன் என்று பதிப்பைச் சரிபார்க்கிறது. 4.00ஐ எழுப்ப சிஸ் வேண்டும், சிஸ் ஓட 4.00 வேண்டும். கோழியா முட்டையா என்கிற கதைதான். முதல் டிஸ்கை கையால் வரிசைப்படுத்தித்தான் செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பின் வந்த டிஸ்கெல்லாம் அந்த முதல் டிஸ்கின் குழந்தைகள்.

இன்னொரு விஷயத்தையும் நீங்கள் சொல்லாவிட்டால் நாங்கள் திணறியிருப்போம். ஃப்ளாப்பியை எழுதிய ட்ரைவ் 1.2 எம்பி வகை, அதன் தலை குறுகலானது. ஏற்கெனவே பயன்படுத்திய 360 கேபி டிஸ்கில் அது எழுதினால், அகலமான பழைய தடத்தின் ஓரங்கள் அழியாமல் இருபக்கமும் மிஞ்சும். எக்ஸ்டியின் அகலத் தலை புதியதையும் பழையதையும் சேர்த்துப் படித்துக் குழம்பும். அதனால்தான் டிஸ்கை முதலில் காந்தத்தால் முழுக்கத் துடைத்துவிட்டு எழுதச் சொன்னீர்கள். துடைத்தோம், எழுதினோம், ஓடியது.

இந்த நிரலை 1980களில் எழுதியவர்களுக்கும் ஒரு வார்த்தை, அவர்கள் இதைப் படிக்கப்போவதில்லை என்றாலும். டாஸ் 4.00இன் அசெம்பிளி ஃபைல் எதைத் திறந்தாலும், வரிகளின் வலது ஓரத்தில் ஏஎன்000, ஏசி000 என்று குறிகள் தொடர்ந்து இறங்கும். இந்தப் பதிப்பில் புதிதாகச் சேர்த்த வரி எது, மாற்றிய வரி எது என்பதற்கான அடையாளங்கள். பார்க்க எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் 32 எம்பி என்ற பழைய பார்ட்டிஷன் (ஹார்ட் டிஸ்கின் ஒரு பிரிவு) வரம்பை உடைக்க அவர்கள் எங்கெங்கே கை வைத்தார்கள் என்று தேடியபோது அந்தக் குறிகளே வழிகாட்டின. 16 பிட்டாக இருந்த செக்டார் எண்ணை 32 பிட்டாக்கிய வேலை, டாஸின் மையப் பகுதியான கெர்னல் நெடுகச் சின்னச் சின்ன மாற்றங்களாகப் பரவிக் கிடக்கிறது. 4.00க்கு அந்தக் காலத்தில் நல்ல பெயர் கிடையாது. நினைவகத்தை அதிகம் தின்கிறது என்று பலர் 3.3லேயே நின்றுவிட்டார்கள். உள்ளே போய்ப் பார்த்த பிறகு அந்தக் கெட்ட பெயர் கொஞ்சம் அநியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

செய்திகளை வைத்திருக்கும் முறையும் எனக்குப் பிடித்திருந்தது. திரையில் வரும் வாசகங்களையெல்லாம் யுஎஸ்ஏ-எம்எஸ்.எம்எஸ்ஜி என்ற ஒரே ஃபைலில் போட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கட்டளைக்கும் ஓர் எஸ்கேஎல் ஃபைல் உண்டு, தனக்கு எந்தெந்த வாசகம் வேண்டும் என்று அது கேட்கும், பில்டின்போது எடுத்துப் பொருத்திவிடுவார்கள். வேறு மொழிக்கு மாற்ற ஒரு ஃபைலைத் தொட்டால் போதும் என்பது திட்டம்.

இன்னும் சிலர். பில்ட் முடிந்ததும் வந்த ஃபைல்களைப் பழைய விற்பனை டிஸ்கோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொடுத்த தோழிக்கு நன்றி. மாஸ்ம் கையேட்டைத் தேடிப்பிடித்து அனுப்பிய நண்பருக்கு நன்றி. இதையெல்லாம் செய்து என்ன ஆகப்போகிறது என்று கேட்டவருக்கும் நன்றி. பதில் இன்னும் என்னிடம் இல்லை, கேள்வி நியாயமானது.

ஸ்கிரிப்ட், டிஸ்க் இமேஜ், குறிப்புகள் எல்லாம் வேண்டுகிறவருக்குத் தருகிறேன், எம்ஐடி உரிமம் என்பதால் தயக்கமே வேண்டாம். அடுத்து 2.0வில் கை வைக்கலாம் என்று யோசனை. அதில் ஐஓ.சிஸ் பகுதி கிடையாது, அந்தக் காலத்தில் ஒவ்வொரு கணினி நிறுவனமும் தன் மெஷினுக்கு ஏற்றபடி தானே எழுதிக்கொள்ள வேண்டும். மாதிரிக்கு ஓர் எலும்புக்கூடு மட்டும் கொடுத்திருக்கிறார்கள். அதற்குச் சதை வைக்கும் வேலையை யாரிடம் கேட்கப்போகிறேன் என்று சாருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். சார், வரும் வாரம் ஃபோன் செய்கிறேன், மறுக்காதீர்கள்.

நன்றியுடன்,
உங்களில் ஒருவன்