ஸ்வீட் பாக்ஸோடு போய் நிற்காதே

அன்புள்ள சேகர்,

உடனே பதில் போடாததற்கு வழக்கமான திட்டைத் திட்டிக்கொள். செமஸ்டர் பரீட்சை நேரம், வேறு சாக்கு கிடையாது. வீட்டில் எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான். முரளி இன்னும் "அடுத்த மாசம் நிச்சயம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறானா?

யாழினி விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்க மேல்படிப்பு விண்ணப்பத்துக்கு டிசம்பர் 15 கடைசி நாள், மூன்று சிபாரிசுக் கடிதங்களில் ஒன்றுதான் போயிருக்கிறது, மற்ற இரண்டு பேராசிரியர்களும் மெயிலுக்குப் பதிலே போடவில்லை, நானே கல்லூரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரட்டுமா என்கிறாய். போகாதே. ஸ்வீட் பாக்ஸோடு சத்தியமாகப் போகாதே. அப்பா வந்து கேட்டு வாங்கிப் போன பிறகு, "இந்த மாணவி தானாகப் பொறுப்பெடுத்துச் செய்பவள்" என்று அந்த மனிதர் எந்தக் கையால் எழுதுவார்?

வாத்தியார்களான எங்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று முதலில் கேள். நவம்பர், டிசம்பரில்தான் தியரி பரீட்சை, வேறு கல்லூரிகளில் எக்ஸ்டர்னல் (வெளித் தேர்வாளர்) டியூட்டி, விடைத்தாள் திருத்தும் கேம்ப் எல்லாம். அமெரிக்கக் கெடு தேதிகளும் சரியாக அங்கேயே வந்து விழும். ஒரு மாணவர் எட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போட்டால் எட்டு லிங்க், அதாவது கடிதத்தை ஏற்றச் சொல்லிப் பல்கலைக்கழகம் எங்களுக்கு மெயிலில் அனுப்புவது. பத்து மாணவர் கேட்டால் எண்பது. ஒவ்வொன்றிலும் பெயர், பதவி, எத்தனை வருடப் பழக்கம், வகுப்பில் முதல் 5 சதவீதத்திலா 10 சதவீதத்திலா என்று கட்டம் கட்டமாக டிக் அடித்து, கடைசியில் லெட்டர்ஹெட் பிடிஎஃப்பை ஏற்ற வேண்டும். பதில் வரவில்லை என்றால் பெரும்பாலும் கோபமும் இல்லை, மறுப்பும் இல்லை. அந்த லிங்க் எங்கோ அடியில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் நினைவூட்டுவதற்கு முன்னால், லிங்க் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கச் சொல். விண்ணப்பப் பக்கத்திலேயே ஒவ்வொரு பேராசிரியர் பெயருக்கு நேராக நிலவரம் இருக்கும். பெயரைச் சேர்த்துவிட்டு அனுப்பும் பட்டனை அழுத்தாமல் வெறுமனே சேமித்து வைக்கிற பிள்ளைகள் நிறைய. சில பல்கலைக்கழகங்களில் பெயரைச் சேர்த்ததும் லிங்க் போகும். சிலவற்றில் விண்ணப்பத்தைச் சமர்ப்பித்துப் பணம் கட்டிய பிறகுதான் போகும். அங்கே இவள் காத்திருந்தால் அவரும் காத்திருப்பார். அடுத்து வாத்தியாரின் மெயில் முகவரி. ஏசி.இன் என்று முடிய வேண்டியது இடியூ.இன் என்று போயிருக்கும். பல்கலைக்கழகங்கள் கல்லூரி மெயிலைத்தான் விரும்புகின்றன. எங்களில் பாதிப்பேர் ஜிமெயிலிலேயே குடியிருக்கிறோம், கல்லூரிப் பெட்டியைத் திறந்து மாதக்கணக்காகும். அதுவும் திறந்தால் ஸ்பாமில் கிடக்கும்.

இன்னொன்று நம் ஊருக்கே உரியது. வகுப்பில் அவள் எஸ். யாழினி. விண்ணப்பத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி உன் முழுப்பெயர் குடும்பப்பெயராக நிற்கும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயரே உள்ள பிள்ளைகளுக்கு முன்பெயர் இடத்தில் எஃப்என்யூ (முன்பெயர் தெரியாது என்பதன் இங்கிலீஷ் சுருக்கம்) என்றே வந்துவிடலாம். "யார்ரா இது" என்று வாத்தியார் அந்த மெயிலை மூடிவிட்டுப் போவார். ஆகவே அவள் எழுதும் எல்லா மெயிலிலும் ரோல் நம்பர், பாஸான வருடம், அவரிடம் செய்த ப்ராஜெக்டின் தலைப்பு இருக்கட்டும்.

இப்போது நினைவூட்டல் மெயில். "சார், அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்கவே கூடாது. அதற்கு "இல்லை" என்று எழுதக் கூச்சப்பட்டே பலர் பதில் போடுவதில்லை. கேள்வியாக இல்லாமல் தகவலாக எழுதச் சொல். இங்கிலீஷில் எழுதிக்கொள்ளட்டும், சாரம் இவ்வளவுதான்: "வணக்கம் சார். பரீட்சை வேலைக்கு நடுவில் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்கவும். ஆறு பல்கலைக்கழகங்களுக்கும் உங்கள் கடிதம் இன்னும் சேரவில்லை. லிங்க்குகள் ஸ்பாமுக்குப் போயிருக்கலாம் என்பதால் இன்று மறுபடி அனுப்பியிருக்கிறேன். கடைசி நாள் டிசம்பர் 15. என் ரெஸ்யூமேயும் ப்ராஜெக்ட் சுருக்கமும் இத்துடன். வேறு விவரம் வேண்டுமானால் உடனே தருகிறேன்." ஐந்தாறு வரிக்கு மேல் போகவே கூடாது. சப்ஜெக்ட் வரியிலேயே அவள் பெயரும் தேதியும் வர வேண்டும். பழைய மெயிலின் மேலேயே பதிலாக அனுப்பினால் முதலில் கேட்டதெல்லாம் கீழேயே கிடைக்கும், அவர் தேட வேண்டியதில்லை. ஹெச்ஓடிக்கு (துறைத் தலைவருக்கு) நகல் போடுகிற புத்திசாலித்தனம் மட்டும் வேண்டாம். அது புகார் மாதிரி ஆகிவிடும்.

கூடவே ஒரே ஒரு அட்டவணை: பல்கலைக்கழகம், படிப்பு, கடைசி நாள் நம் நேரப்படி, லிங்க் எந்த முகவரியிலிருந்து வரும். நேரத்தில் நிறைய பேர் ஏமாறுகிறார்கள். அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் 15ஆம் தேதி இரவு 11:59 என்றால் நமக்கு 16ஆம் தேதி காலை 10:29. கலிபோர்னியா நேரம் என்றால் மதியம் 1:29. ஆனால் வாத்தியாரிடம் 15 என்றே சொல்லட்டும். அந்தக் கூடுதல் நேரம் கடிதம் ஏறாமல் மக்கர் பண்ணும்போது உதவும்.

எத்தனை தடவை? இரண்டு வாரம் முன்னால் ஒன்று, ஒரு வாரம் முன்னால் ஒன்று, மூன்று நாள் முன்னால் ஒரு போன். விண்ணப்பப் பக்கத்தில் நினைவூட்டல் பட்டன் இருக்கிறது என்று தினமும் தட்டக் கூடாது. ஒரே வாசகம், ஒரே முகவரி, நாலாவது மெயிலை யார் படிப்பார்கள்? போன் என்றால் கேம்ப் நடக்கிற பகல் நேரத்தில் வேண்டாம். சாயங்காலம், முன்கூட்டி ஒரு வாட்ஸ்அப் போட்டுவிட்டு. குட்மார்னிங் ரோஜாப்பூ படம் அனுப்பினால் நானே பிளாக் செய்வேன்.

"நீயே எழுதிக் கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்" என்று ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தாய். இது ஊரறிந்த வழக்கம், ஆனாலும் செய்ய வேண்டாம் என்பேன். மூன்று கடிதமும் ஒரே கையில் எழுதியது தேர்வுக் குழுவுக்குப் படித்ததும் தெரியும். அதற்குப் பதில் ஒரு பக்கம் குறிப்பு கொடுக்கட்டும்: எந்தப் பாடம், என்ன மதிப்பெண், ப்ராஜெக்டில் எந்தப் பகுதி அவளுடையது, எங்கே சிக்கியது, எப்படிச் சரியானது. வாக்கியத்தை அவர் எழுதட்டும்.

சேகர், இது மட்டும் கொஞ்சம் கசக்கும். மூன்று தடவை கேட்டும் போனிலும் பிடிகொடுக்காவிட்டால், அவருக்கு எழுத மனமில்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். கெஞ்சி வாங்கினால் நாலு வரி வெற்றுக் கடிதம் வரும்; அது வராமல் இருப்பதைவிட மோசம். அப்போது கைகொடுக்க, இன்டர்ன்ஷிப்பில் கூட இருந்த மேலாளரிடமோ லேபில் வேலை வாங்கிய மேடத்திடமோ இப்போதே சொல்லி வைக்கட்டும். பெயரை மாற்ற விண்ணப்பப் பக்கத்திலேயே பெரும்பாலும் வழி இருக்கும். கடிதம் மட்டும் ஓரிரு நாள் தாமதித்தால் பல துறைகள் ஏற்றுக்கொள்கின்றன, ஆனால் அதைத் துறையின் பக்கத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். அவளுடைய விண்ணப்பம் மட்டும் கெடுவுக்குள் போய்விட வேண்டும், அதில் சலுகையை எதிர்பார்க்க முடியாது.

கடிதம் போனதும் அன்றைக்கே இரண்டு வரி நன்றி. ஏப்ரல் 15க்குள் எங்கே சேருவது என்று பெரும்பாலும் பல்கலைக்கழகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். முடிவு என்ன ஆனாலும் மூன்று பேருக்கும் சொல்லச் சொல். எழுதிக் கொடுத்த பிள்ளைகளில் பாதிப்பேர் எங்கே போனார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது.

முதல் மெயிலை எனக்கு அனுப்பிக் காட்டச் சொல், பார்த்துத் தருகிறேன். அவளே அனுப்பட்டும், நீ இடையில் நுழையாதே. சரளாவுக்கு என் விசாரிப்பு. முரளியைப் பார்த்தால் வட்டியும் சேர்கிறது என்று சொல்.

உன்
பாலு