பெண்கள் கூட்டத்துக்குத் தலைப்பு வைக்கும் சபைப் பெரியோருக்கு

அன்புள்ள போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஸ்தோத்திரம்.

பெண்கள் கூட்டம் என்றதும் நீங்கள் வைக்கும் தலைப்புகள் எனக்கு மனப்பாடம்: நல்ல மனைவி, ஜெபிக்கும் தாய், வீட்டைக் கட்டும் புத்தியுள்ள ஸ்திரீ. வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நாள் முழுக்கக் கணக்குப் பார்த்துவிட்டு வருகிறவளுக்கு, அந்த வேலையைப் பற்றி ஆலயத்தில் ஒரு வார்த்தையும் கிடைப்பதில்லை.

டாரதி சேயர்ஸை வாசியுங்கள். துப்பறியும் கதைகளால் பெயர்பெற்ற ஆங்கிலேயர், விசுவாசத்துக்காக வாதாடியவர். 1915இல் ஆக்ஸ்போர்டில் முதல் வகுப்பில் தேறினார். பெண் என்பதால் பட்டம் 1920இல்தான் கைக்கு வந்தது. லண்டனில் ஒரு விளம்பர நிறுவனத்தில் ஒன்பது ஆண்டு உழைத்தார். 1938இல் ஒரு பெண்கள் சங்கத்தில் அவர் ஆற்றிய உரையின் தலைப்பே ‘பெண்கள் மனிதர்கள்தானா?’

பெண்கள் கிரேக்கத் தத்துவஞானி அரிஸ்டாட்டிலைப் படிப்பது எதற்கு என்றார்களாம். பெரும்பாலான பெண்களுக்கு அவர்மேல் அக்கறையில்லை, ஆண் மாணவர் பலருக்கும் அவரை நினைத்தாலே மயக்கம் வரும், ஆனால் எனக்கு வேண்டும் என்கிறார் சேயர்ஸ். வாய்விட்டுச் சிரித்தேன். ஆண்களின் வேலையைப் பெண்கள் பறிக்கிறார்கள் என்ற புலம்பலுக்கும் பதில் வைத்திருக்கிறார். நூற்பு, நெசவு, பீர் வடிப்பது, பழம் பதப்படுத்துவது எல்லாம் ஒருகாலத்தில் பெண்கள் கையில் இருந்தவை. மூளைக்கும் கைக்கும் வேலை கொடுத்த அத்தனையும் ஆலைக்குப் போய்விட்டது. வெறும் வீட்டை மட்டும் விட்டுவைத்து, அதிலேயே இரு என்றால் எப்படி?

இயேசுவை வீட்டில் வரவேற்ற சகோதரிகள் மார்த்தாள், மரியாள் பற்றிய பிரசங்கத்திலும் சேயர்ஸ் நம்மைப் பிடித்துவிட்டார். மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்று வாசித்த கையோடு, ‘ஆனாலும் மார்த்தாள் இல்லாவிட்டால் சாப்பாடு?’ என்று இழுக்கிறோம். இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்து கேட்பது சீஷர் செய்கிற காரியம். மரியாளும் அதைத்தான் செய்தாள். அவர் அவளை அடுப்படிக்கு அனுப்பவில்லை.

நீதிமொழிகள் 31இல் அந்தக் குணசாலியான ஸ்திரீ வயலை விசாரித்து வாங்குகிறாள், புடவைகளைச் செய்து விற்கிறாள். அந்த வசனங்களை வேகமாகத் தாண்டாதீர்கள், ஐயா. அடுத்த கூட்டத்துக்கு முன் வரப்போகிற ஒவ்வொருத்தியிடமும் என்ன வேலை செய்கிறாய், அதில் உனக்கு எது பிடிக்கிறது, எது பாரமாயிருக்கிறது என்று கேளுங்கள். தலைப்பை அதன் பிறகு வையுங்கள்.

இப்படிக்கு,
கர்த்தருக்குள் உங்கள் சகோதரி