2025ஆம் ஆண்டு செயலாளர் அறிக்கை: வாக்காளர் பட்டியல் சரிபார்ப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, நமது நகர்க் குடியிருப்போர் நலச் சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

தெருவிளக்கு, மழைநீர் வடிகால், குப்பை வண்டி பற்றிய விவரங்கள் தனித்தாளில் உங்கள் கையில் இருக்கின்றன. இந்த ஆண்டு சங்கத்தின் நேரமும் பணமும் அதிகம் போனது வாக்காளர் பட்டியலுக்குத்தான். அதை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜனவரி 25, தேசிய வாக்காளர் நாளன்று உறுதிமொழி எடுத்ததோடு கலைந்துவிடாமல், நம் பாகத்தின் (நம் வாக்குச்சாவடிக்கு உரிய பகுதியின்) பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனோம். காலி செய்துகொண்டு போனவர்கள், கல்யாணமாகிப் போன பெண்கள், காலமானவர்கள் என்று எல்லார் பெயரும் அப்படியே இருந்தது. ஒரு வீட்டில், பெயர் நீக்கக் கொடுக்கும் படிவம் 7ஐக் கையில் வாங்கியவர் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பா பேரை எடுத்துடுங்கன்னு நானே எழுதிக் கொடுக்கணுமா சார்?" என்றார். பேனாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். அடுத்த வாரம் அவரே இறப்புச் சான்றிதழ் நகலோடு வந்து கையெழுத்துப் போட்டார். அதற்கப்புறம் துக்க வீடுகளுக்கு முதல் தடவை படிவம் இல்லாமல்தான் போகிறோம்.

18 வயது நிரம்புகிறவர்களுக்கு ஜனவரி 1 மட்டுமே கணக்கு என்று பெற்றோர் பலர் இன்னும் நினைக்கிறார்கள். ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 ஆகியவையும் தகுதி நாட்கள்தான். 17 வயதிலேயே, பெயர் சேர்க்கும் படிவம் 6ஐக் கொடுத்து வைக்கலாம்.

நிதி பற்றி. சந்தாப் பணத்தைத் தொடுவதில்லை என்று செயற்குழுவில் முடிவெடுத்து, விருப்பப்பட்டவர்களிடம் வீட்டுக்கு 50 ரூபாய் வாங்கினோம். சிலர் கூடுதலாகவும் கொடுத்தார்கள். மொத்தம் 11,650 ரூபாய். ஒரு கட்சிப் பிரமுகர், "ஆட்டோ, மைக் எல்லாம் நான் தருகிறேன், நோட்டீஸில் என் படம் மட்டும் இருக்கட்டும்" என்றார். நன்றி சொல்லி மறுத்துவிட்டோம். உறுப்பினர் சிலருக்கு இதில் வருத்தம் என்று தெரியும். ஆனால் இது யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பார்க்கிற வேலை. ஓட்டுக் கேட்டு வரப்போகிறவரிடம் இதற்குக் காசு வாங்கினால், மாற்றுக் கட்சிக்காரர் நமக்குக் கதவைத் திறக்க மாட்டார்.

விளம்பரத்தில் ஒரு தவறு செய்தோம். 2,400 ரூபாய்க்கு இரண்டு பிளெக்ஸ் வைத்தோம், அதைப் பார்த்து வந்தவர் யாருமில்லை. பிறகு எந்தத் தெருவுக்கு என்றைக்கு பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வருவார் என்று மட்டும் நோட்டீஸ் அடித்து, பால் பாக்கெட் போடும் தம்பியிடம் கொடுத்தனுப்பினோம். அதற்கு 2,700 ரூபாய். இரண்டு நாள் ஆட்டோவில் மைக் கட்டியதற்கு 3,600. ஜனங்கள் வந்தது இவற்றால்தான்.

நவம்பர் 4 அன்று, பட்டியல் முழுவதையும் வீடு வீடாகச் சரிபார்க்கும் தேர்தல் ஆணையத்தின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியதும் வேலை பல மடங்கானது. ஆளுக்கு இரண்டு கணக்கீட்டுப் படிவம். அதில் 2002 அல்லது 2005 பட்டியலில் இருந்த விவரத்தைக் கேட்டிருந்தார்கள். அப்போது எங்கே குடியிருந்தோம், பாகம் எண் என்ன என்று தேடுவதுதான் பெரும்பாடு. பிள்ளையார் கோயில் மண்டபத்தில் மேசை போட்டு உட்கார்ந்தோம். எண்பது வயது அம்மா ஒருவர் பூதக்கண்ணாடியோடு வந்து, பழைய பட்டியலின் அச்சில் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் போனார். முக்கால் மணி நேரம் கழித்துக் கணவர் பெயரைக் கண்டுபிடித்தார், அதற்குக் கீழே அவருடைய பெயர். விரலை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

டிசம்பர் தொடக்கத்தில் டிட்வா புயல் மழை. அங்கன்வாடியில் வேலை பார்க்கும் நம் பி.எல்.ஓ. அம்மா, படிவங்களைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி மார்போடு அணைத்தபடி முழங்கால் தண்ணீரில் வந்தார். பூட்டிய வீடுகளுக்கு மூன்று தடவை நடந்தார். சங்கத்தின் சார்பில் அவருக்கு மனமார்ந்த நன்றி.

டிசம்பர் 19 அன்று வரைவுப் பட்டியல் வெளியானது. மாநிலத்தில் 6 கோடியே 41 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5 கோடியே 43 லட்சமானது. விடுபட்ட 97 லட்சத்துச் சொச்சம் பெயர்களில் சுமார் 27 லட்சம் இறந்தவர்களுடையவை. முகவரியில் இல்லாதவர்கள், இடம் மாறியவர்கள் என்று 66 லட்சம் பெயர்கள். நீக்கப்பட்டோர் பட்டியலில் நம் நகர்ப் பெயர்களை வரி வரியாகப் பார்த்தோம். அவர்களில் 9 பேர் இன்னும் இங்கேயே குடியிருப்பவர்கள். வெளியூர் போயிருந்த நாட்களில் படிவம் கொடுக்க முடியாமல் போனவர்கள். 6 பேர் படிவம் 6ஐ உறுதிமொழிப் படிவத்தோடு கொடுத்துவிட்டார்கள்.

வசூலான பணத்தில் மேலே சொன்ன செலவுகளும் ஜெராக்ஸ் செலவு 1,770ம் போக, கையிருப்பு 1,180 ரூபாய். ரசீதுகள் பொருளாளரிடம் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.

படிவம் 6 இன்னும் கொடுக்காத மீதி 3 பேரில் இருவரிடம் போனில் பேசிவிட்டோம், பொங்கலுக்கு வருகிறார்கள். கடைசித் தெரு மாடி வீட்டுக்காரர் மட்டும் கிடைக்கவில்லை, வீடு பூட்டியிருக்கிறது. விண்ணப்பிக்க ஜனவரி 18 வரைதான் நேரம். அவருடைய தொலைபேசி எண் தெரிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னைப் பார்க்கவும்.

இப்படிக்கு,
செயலாளர்