பரிசல், படகு உரிமையாளர் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

தலைவர் அண்ணாச்சி அவர்களே, மேல்கரை கீழ்க்கரை உறுப்பினர்களே, வலை வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். மைக் செட்டுக்குச் சொல்ல மறந்தது என் தப்பு. சத்தமாகவே வாசிக்கிறேன்.

இந்த வருஷம் செயற்குழு கூடியபோதெல்லாம் பேச்சு ஒரே இடத்தில்தான் வந்து நின்றது: நம் பரிசலுக்கு ஒரு பதிவு எண் வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தாமிரபரணி வெள்ளத்தை இங்கே யாருக்கும் விளக்க வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நகர முடியாமல் நின்றது. அந்த ராத்திரி கரையில் கட்டிப்போட்டிருந்த நம் பரிசல்களில் பல, எந்த ஊர் வாழைத்தோட்டத்தில் போய் ஒதுங்கின என்று இன்றைக்கும் தெரியாது. கடற்கரை ஊர்களிலிருந்து ஃபைபர் படகுகளை லாரியில் ஏற்றி வந்து ஜனங்களை மீட்டார்கள். அந்த நன்றிக்கடன் நமக்கு உண்டு.

நிவாரணத்துக்கு எழுதிக்கொடுக்கப் போனபோதுதான் விஷயம் உறைத்தது. கொடுத்த தாளில் ‘படகின் பதிவு எண்’ என்று ஒரு கட்டம். கடல் படகுக்கு அது உண்டு, பக்கவாட்டிலேயே பெயிண்டில் எழுதியிருக்கும். நாம் ‘மூங்கில் பரிசல், தார் பூசியது’ என்று எழுதிக் கொடுத்தோம். ‘இது படகா, கூடையா?’ என்று கேட்டார் அங்கிருந்தவர். அவர் கேலி செய்யவில்லை. எந்தப் பதிவேட்டில் ஏற்றுவது என்று நிஜமாகவே விளங்காமல்தான் கேட்டார். கேலி செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

ஆறு, கால்வாய்களில் ஓடும் உள்நாட்டுக் கலங்களுக்கு 1917இல் வெள்ளைக்காரன் போட்ட சட்டம் இயந்திரத்தில் ஓடுவதைப் பற்றி மட்டுமே பேசியது. அதை எடுத்துவிட்டு 2021இல் புதிய சட்டம் வந்து, 2022இல் நடப்புக்கும் வந்துவிட்டது. மோட்டார் வைத்த படகுக்குச் சோதனை, பதிவு, காப்பீடு எல்லாம் அதில் உண்டு. நமக்கு வேண்டியது வேறொரு பகுதி. மோட்டார் இல்லாத படகுகளை உள்ளாட்சி மட்டத்திலேயே பெயர் எழுதிக்கொள்ளலாம் என்று அதில் இடம் வைத்திருக்கிறார்கள். மாநில அரசு அதற்கு அதிகாரம் கொடுக்க வேண்டும். இதை எடுத்துக்காட்டித் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மூன்று முறை மனு கொடுத்தோம். ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கைகாட்டியது, அது மூன்றாவதைக் கைகாட்டியது, மூன்றாவது திரும்ப முதலாவதையே காட்டியது. ஒரே ஓர் ஊராட்சியில் மட்டும், ஆகஸ்ட் 15 கிராம சபையில், தங்கள் ஊர்ப் பரிசல்காரர் பெயர்களைத் தீர்மானமாக எழுதித் தந்தார்கள். சட்டத்தின் முன் அதற்கு என்ன மதிப்பு என்று கேட்காதீர்கள். கையில் ஒரு தாள் இருக்கிறது, அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நமக்குத்தான் எண் இல்லை, ஆற்றுக்கு இருக்கிறது. 2016 தேசிய நீர்வழிச் சட்டத்தில் நாடு முழுக்க 111 நீர்வழிகள். புன்னைக்காயல் கழிமுகம் வரை நம் தாமிரபரணி 99ஆவது. மணிமுத்தாறுகூட விட்டுப்போகவில்லை, அணையிலிருந்து நம் ஆற்றில் வந்து சேரும் அந்த 5 கி.மீ.க்கு 69. கேட்டவுடன் சில தம்பிகள் கப்பல் வரப்போகிறது என்றே நம்பிவிட்டார்கள். மருதூர், ஸ்ரீவைகுண்டம் இரண்டு அணைக்கட்டிலும் படகு ஏறி இறங்க வழி கிடையாது. பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் தாண்டுகிறோம். கோடையில் பல இடத்தில் முழங்கால் தண்ணீர். ஆகவே கப்பலை நாம் கேட்கவில்லை. அணைக்கட்டுகளின் ஓரமாகப் பரிசலைத் தூக்கிப் போக ஒரு சரிவுப்பாதையும், ஆற்றை மூடும் அமலைச்செடியை, அதாவது ஆகாயத்தாமரையை, மழைக்கு முன்னால் எடுப்பதும் போதும் என்று எழுதியிருக்கிறோம். 1843இல் சுலோசன முதலியார் பாலம் எழும்பும்வரை நெல்லைக்கும் பாளைக்கும் நடுவே ஆட்களை அக்கரை சேர்த்தது நம் தொழில்தான் என்பதையும் மனுவில் சேர்க்கச் சொன்னார் தலைவர். சேர்த்திருக்கிறேன். அதனால் பலன் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அமலை பற்றி ஒரு வார்த்தை. ஊர்ச் சாக்கடை ஆற்றில் விழுகிறவரை அது முளைத்துக்கொண்டேதான் இருக்கும். அள்ளுவதற்கு நம் பரிசலைக் கூப்பிடுகிறார்கள், ஒரு நாள் கூலி கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அடுத்த மாதம் அதே இடத்தில் அதே பச்சை.

அணைத் தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் முன்னேற்றம். பாபநாசம் 143 அடியையும் மணிமுத்தாறு 118 அடியையும் நெருங்கும்போது கூடுதலாகத் திறப்பார்கள். நமக்குத் தெரிவது படித்துறையில் தண்ணீர் ஏறிய பிறகுதான். இப்போது நம் வாட்ஸ்அப் குழுவில் மேல்கரை ஆட்கள் உடனே போட்டுவிடுகிறார்கள். அலுவலகத் தகவல் வருவதற்கு முன்பே இது வந்துவிடுகிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அந்தக் குழுவில் காலை வணக்கப் படம் போடாதீர்கள். நடுராத்திரி வரும் எச்சரிக்கை அதற்குள் புதைந்துபோகிறது.

அடுத்து சொல்வது சிலருக்குக் கசக்கும். கோயில் கொடை நாளில் ஒரு பரிசலில் எத்தனை பேரை ஏற்றினோம் என்று நமக்கே தெரியும். 2023 மே மாதம் கேரளத்தில் தானூரில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் செத்தார்கள். அதில் அளவுக்கு மேல் ஆள் ஏற்றியிருந்தது. ‘அது கடல் பக்கம், இது நம்ம ஆறு’ என்று ஓர் அண்ணாச்சி என்னிடம் வாதாடினார். ஆற்றில் முங்கினாலும் அதே மூச்சுதான் அண்ணாச்சி. மிதவைச் சட்டை இல்லாமல் ஆள் ஏற்றுகிறவருக்குச் சங்கம் பரிந்து பேசாது என்று செயற்குழு முடிவெடுத்திருக்கிறது. இரண்டு பேர் கோபித்துக்கொண்டு இந்த வருஷச் சந்தா கட்டவில்லை. இன்றைக்கும் வரவில்லை போல.

காரையாறு அணையில் பாணதீர்த்த அருவிக்கு முன்பு ஓடிய படகைத் திரும்ப விடச் சொல்லி மனுக் கொடுக்க வேண்டும் என்று இந்த வருஷமும் கேட்டீர்கள். கொடுக்கவில்லை. அது புலிகள் காப்பகம். அங்கே நாம் போய் நிற்பது சரியில்லை என்பது என் கருத்து. கூட்டம் வேறு மாதிரி முடிவெடுத்தால் கட்டுப்படுகிறேன்.

குளங்களில் மீன் பிடிக்கும் உரிமைக்கான மீன்பாசி ஏலத்தில் பரிசல்காரருக்கு முன்னுரிமை கேட்டது அப்படியே கிடக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

கடைசியாக, அரசாங்கம் எண் தரும்வரை நாமே போட்டுக்கொள்வது என்று முடிவாகியிருக்கிறது. சங்க நோட்டில் வரிசை எண், உடையவர் பெயர், ஊர், ஒரு போட்டோ. வருகிற ஞாயிறு காலை படித்துறைக்குப் பரிசலைக் கொண்டுவாருங்கள். வெள்ளைப் பெயிண்டும் பிரஷும் சங்கச் செலவு. புதிதாகத் தார் பூசியவர்கள் மட்டும் அடுத்த வாரம் வரலாம். தார் காயாமல் எழுதினால் பெயிண்ட் நிற்காது.