சித்தப்பாவுக்கு ஒரு கடிதம்: அடுப்படியில் யாரை விடலாம்?

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

வணக்கம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்டதைப் படித்தேன். வெளிநாட்டுக்காரர்கள் கரண்டி பிடித்ததிலிருந்து பினாங்குச் சாப்பாட்டின் ருசியே போய்விட்டது, அவர்களை அடுப்புப் பக்கம் விடாமல் தடுத்தது சரிதான் என்று எழுதியிருந்தீர்கள். உங்களுக்குத் தனியாகவே பதில் போட்டிருக்கலாம். ஆனால் இதே பேச்சைக் காப்பிக்கடையிலும் கல்யாண வீட்டிலும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். அதனால் உங்களுக்கு எழுதுவதை நாலு பேர் படிக்கட்டும் என்று பொதுவிலேயே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் தடை பினாங்கில் 2016 முதல் இருக்கிறது. அங்காடிக் கடையில், அதாவது தெருவோரச் சிறு உணவுக் கடையில், வெளிநாட்டுத் தொழிலாளி தட்டுக் கழுவலாம், மேசை துடைக்கலாம்; சமைக்கக் கூடாது. 2018இல் மனிதவள அமைச்சராக இருந்த குலசேகரன், மலேசியா முழுக்க உணவகங்களில் உள்ளூர்க்காரர்தான் சமைக்க வேண்டும் என்று அறிவித்தார். எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே பின்வாங்கினார். இரண்டுக்கும் சொன்ன காரணங்களில் ஒன்று: நம் பாரம்பரியச் சுவையைக் காப்பாற்ற வேண்டும்.

காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. அந்தச் சுவை எப்படி வந்தது என்பதைத்தான் கொஞ்சம் பேசுவோம்.

நீங்கள் வாரம் தவறாமல் சாப்பிடும் நாசி கண்டாரையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த முஸ்லிம்கள், தோளில் கம்பைப் போட்டு, ஒரு முனையில் சோற்றுப் பானையும் மறு முனையில் குழம்புச் சட்டியுமாகத் தொங்கவிட்டு, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்களுக்கு விடியற்காலையில் விற்ற சாப்பாடு அது. இன்று கடையில் வரிசையில் நிற்கும்போது அந்தச் சட்டிகளைக் கவனித்துப் பாருங்கள். மீன் குழம்பும் கோழிக் குழம்பும் நம் பக்கத்துச் சமையல். அதற்குப் பக்கத்திலேயே கறுப்பாக, இனிப்பும் உப்புமாக ஒரு சட்டி இருக்கிறதே, அது சோயா சாஸில் வெந்த இறைச்சி. சோயா சாஸ் சீனர்களோடு வந்தது. கடைக்காரர் ஒரே கரண்டியால் இதில் கொஞ்சம், அதில் கொஞ்சம் என்று அள்ளி, சோறு மூழ்கும் வரை ஊற்றுகிறார். 'பாஞ்சிர்', அதாவது வெள்ளமாக, என்று கேட்டு வாங்குவீர்களே, அந்தக் குழம்புக் கலவையில்தான் ருசியே இருக்கிறது. ராமநாதபுரத்திலோ கடையநல்லூரிலோ போய் இந்தத் தட்டைக் கேட்டால் கிடைக்காது.

தமிழ் முஸ்லிம்களின் மாமாக் கடையில் கிடைக்கும் வறுத்த நூடுல்ஸான மீ கோரெங்கும் அப்படித்தான். மஞ்சள் மீயும் தாவ்ஃபூ என்னும் சோயாக் கட்டியும் சீனருடையவை. சம்பால் என்னும் மிளகாய் விழுது மலாய்க்காரர்களுடையது. அவித்த உருளைக்கிழங்கைத் துண்டு போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் புரட்டி எடுத்தவர் தமிழ் முஸ்லிம். மேலே பிழிய லிமாவ் கஸ்தூரி என்னும் சின்ன எலுமிச்சை ஒன்று. தட்டை அரிசி நூடுல்ஸை வறுத்த சார் குவே தியாவ் தென் சீனத்து ஹொக்கியன், தியோச்சூ மக்கள் கொண்டுவந்தது; இங்கே வந்துதான் கெராங் என்னும் சிப்பியும் மிளகாய் விழுதும் சேர்ந்து பினாங்குப் பண்டமாயிற்று. நம் பரோட்டா போன்ற ரொட்டி சானாய், இழுத்து ஆற்றும் தேநீரான தே தாரிக் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மலேசியக் காலை உணவுப் பண்பாடு என்று யுனெஸ்கோ 2024இல் பட்டியலில் சேர்த்தபோது தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்கோடு சேர்த்துச் சொன்னது இந்த இரண்டையும்தான். நீங்கள்கூட அன்றைக்குப் பெருமையாகச் செய்தியைப் பகிர்ந்தீர்கள்.

இத்தனை பண்டங்களும் உருவாகக் காரணம், வந்தவர்கள் கைமணத்தோடு வந்தார்கள் என்பது மட்டும் இல்லை. அவர்களில் பலர் இங்கேயே தங்கினார்கள். கொஞ்ச காலத்தில் சொந்த அடுப்பு வைத்தார்கள். என் யோசனையில் இதுதான் முக்கியம். சொந்த அடுப்பு வைத்தவன் நாளைக்கும் அதே இடத்தில் நிற்க வேண்டும். பக்கத்து வீட்டு மலாய்க்காரரும் எதிர்க் கடைச் சீனரும் தன்னிடம் வந்து சாப்பிட வேண்டும். அதற்காக அவர்கள் நாக்குக்கு ஏற்ற மாதிரி காரத்தைக் கூட்டிக் குறைத்து, அவர்கள் மீயை வாங்கித் தன் மசாலாவில் புரட்டிப் பார்க்கிறான். புதுப் பண்டம் அங்கேதான் பிறக்கிறது.

இப்போது வருகிற வங்காளதேச, நேப்பாள, மியன்மார் பையன்களுக்கு அந்த வாய்ப்பு எங்கே இருக்கிறது? வருடா வருடம் புதுப்பிக்க வேண்டிய பெர்மிட். குடும்பத்தைக் கூட்டி வர முடியாது. முதலாளியின் சட்டியில், முதலாளி சொன்ன அளவில் வறுக்க வேண்டும். பினாங்கு அங்காடியில் அதுவும் கூடாது. நீங்கள் சொன்ன ஒரு விஷயம் உண்மை, ஒத்துக்கொள்கிறேன். நேற்று வந்த பையன் வறுத்த குவே தியாவில் அந்தச் சட்டி மணம் வராது. பெரிய தீயில், ஒவ்வொரு தட்டாக, கெராங்கைக் கடைசியில் போட்டு அரைவேக்காட்டில் இறக்க மணிக்கட்டு பழக வேண்டும். அதற்கு வருடங்கள் ஆகும். பழகுவதற்குள் ஆளை ஊருக்கு அனுப்பிவிட்டு, ருசி இல்லை என்று அவனையே குறை சொன்னால் எப்படி?

பெரிய கடைக்காரர்களின் பிள்ளைகள் அடுப்படிக்கு வர விரும்பவில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். தீக்கு முன்னால் நாள் முழுக்க நிற்பது லேசான வேலை இல்லை. படித்த பிள்ளை அலுவலகம் போவதில் தப்பும் இல்லை. அந்தச் சட்டியை அடுத்து யார் பிடிப்பார்கள் என்ற கேள்விக்குத் தடை பதில் சொல்வதில்லை.

ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன், இது பழைய கப்பல் காலத்துக் கதை இல்லை. தாய்லாந்தின் பட்டாணி, யாலா, நராத்திவாட் பகுதிகளிலிருந்து வந்தவர்கள் நடத்தும், தோம் யாம் என்னும் புளிப்பும் காரமுமான சூப் விற்கும் கடைகள் இன்று இந்த நாட்டில் எந்த ஊரில் இல்லை? மலாய் பேசுகிறவர்கள், ஹலால் சமையல். சட்டென்று ஊரோடு ஒட்டிக்கொண்டார்கள். முட்டைப் போர்வைக்குள் சோற்றை மூடிக் கொடுக்கும் நாசி கோரெங் பட்டாயாவை நம் வீட்டுப் பிள்ளைகள் எவ்வளவு ஆசையாகச் சாப்பிடுகிறார்கள்! பெயர்தான் பட்டாயா, பண்டம் இங்கத்தியது. ஒட்டிக்கொள்ள இடம் கிடைத்தது, அதனால் நமக்கு ஒரு சாப்பாடு கிடைத்தது.

என் ஆசை இதுதான். குறிப்பிட்ட சில வருடம் ஒரு சட்டியில் நின்று பழகியவன், எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும், சமைத்துக் காட்டித் தேறினால் அவனுக்கு அங்காடி உரிமம் கொடுக்கலாம். கற்றுக்கொடுக்கப் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாநில அரசுக்கு இப்படி ஒரு மனு எழுதினால் முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று கேட்கிறேன். பினாங்குச் சாப்பாட்டை உங்களைவிட ருசித்துச் சாப்பிட்டவர் நம் குடும்பத்தில் இல்லை. நீங்கள் சொன்னால் எடுபடும்.

அப்புறம், அடுத்த மாதம் கோலாலம்பூர் வரும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமையை எனக்கு ஒதுக்குங்கள். ஜாலான் சீலாங் பக்கம் நேப்பாளக் கடையில் மோமோ என்னும் கொழுக்கட்டை சாப்பிட அழைத்துப் போகிறேன். காரத்தைக் குறைக்க டாக்டர் சொல்லியிருப்பதாகச் சித்தி சொன்னார். சட்னியைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்