கர்ணன் திரைக்குள் நிற்கும்போதே மணி பன்னிரண்டாகிவிடும்

அன்புள்ள சேகருக்கு,

நலம், நலமறிய ஆவல். முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது தன் வேலையைப் பார்க்கிறது, நான் என் வேலையைப் பார்க்கிறேன். பொங்கலுக்கு நீ எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன் என்பதற்காக நீ என்னை என்னவெல்லாம் திட்டியிருப்பாய் என்பது தெரியும். நம் பென்சில் வாத்தியாரிடம் வாங்காததையா உன்னிடம் வாங்கிவிடப் போகிறேன்!

செய்தி இதுதான். வைகாசியில் திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டுவதென்று ஊர்க்கூட்டத்தில் முடிவாகி, வழக்கமாக நமக்குத் தெருக்கூத்து ஆடும் ஜமாவுக்கே வெற்றிலை பாக்கு வைத்து முன்பணமும் கொடுத்தாயிற்று. எந்த இரவு எந்தக் கூத்து என்று நோட்டீஸுக்கு எழுதித் தரும் வேலை வழக்கம்போல் என் தலையில் விழுந்தது. திரௌபதியின் கல்யாணக் கதையான வில்வளைப்பில் தொடங்கிப் பதினெட்டாம் போர் வரை 10 இரவுக்கும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். விழாக்குழுவில் இருக்கும் இளைஞர்கள் அதை மரியாதையாகத்தான் வாங்கிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இந்த ஆண்டு 5 இரவு போதும், அதுவும் நள்ளிரவு 12 மணிக்கு மங்களம் பாடிவிட வேண்டும், மிஞ்சும் பணத்தில் ஒருநாள் சினிமாப் பாட்டுக் கச்சேரி வைக்கலாம் என்றார்கள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், ஆகையால் எழுதவில்லை.

அவர்கள் அடித்துவிட்டவை ராஜசூய யாகம், குறவஞ்சி, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம் ஆகியவை. ராஜசூயம் போனால் போகட்டும். அதில் பாதிக்கு மேல் கதையை அறிவித்துச் சிரிக்கவைக்கும் கட்டியங்காரனின் பேச்சுத்தான், பாதி ஊர் உறங்கியும் விடுகிறது. ஆனால் தூதை எடுத்துவிட்டால் போர் எதற்காக நடக்கிறது? ஐந்து ஊர் கேட்டு, ஐந்து வீடாவது கேட்டு, அதுவும் இல்லையென்று துரியோதனன் சொன்ன பிறகுதானே படுகளத்தில் மண்ணால் பிடித்துப் படுக்கவைத்த அவன் தொடையில் பீமன் அடிக்கும்போது ஊரே ஆர்ப்பரிக்கிறது? பகலில் பிரசங்கியார் வில்லிபாரதம் படித்துப் பொருள் சொல்வது நடக்கத்தானே போகிறது, கதை அதில் வந்துவிடுமே என்றான் ஒரு பையன். பகலில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் என்னைப் போன்ற நான்கு கிழவர்களும் இரண்டு ஆடுகளும் என்பதை அவன் அறியான்.

நாள்களைக் குறைத்ததைவிட நேரத்தைக் குறைத்ததுதான் என்னை அதிகம் வாட்டுகிறது. கர்ண மோட்சத்தையே எடுத்துக்கொள். வாத்தியம் முழக்கிக் களரி கட்டி, முகவீணை ஊதி, கடவுள் வாழ்த்துப் பாடி, கட்டியங்காரன் வந்து சிரிக்கவைத்து முடிக்கும்போதே மணி 11 ஆகிவிடும். அதன்பிறகு கல்யாண முருங்கைக் கட்டையில் செய்த கிரீடமும் புஜக்கட்டையும் பூண்ட கர்ணன், இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, கிரீடத்தை மட்டும் காட்டி, முகத்தைக் காட்டாமல் நம்மை ஏங்கவைத்து, திரை விலகி வெளியே வந்து சுழன்று ஆடுவதற்குள் 12 அடித்துவிடும். பொன்னுருவி வருவதோ விடியற்காலை மூன்று மணிக்குமேல். பிறப்புத் தெரியாதவன் என்று வாழ்நாளெல்லாம் புருஷனை இகழ்ந்தவள், அவன் போருக்குப் புறப்படும் நேரத்தில் அவன் யார் என்று அறிந்து, போகாதே என்று காலைக் கட்டிக்கொள்ளும் அந்த இடத்துக்காகத்தானே காரியத்துக்கு முந்தைய இரவில் இறந்தவர் வீட்டார் இந்தக் கூத்தை வைக்கிறார்கள்? உன் அப்பாவின் காரியத்துக்கு வைத்தபோது நீ வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது எனக்கு நினைவிருக்கிறது. அதற்குமேல் நான் எதுவும் எழுதவில்லை.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ ஒலிக்கக்கூடாது. திருவிழாக்களுக்கென ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மேற்படாமல் 12 மணி வரை அரசு தளர்வு தரலாம், அவ்வளவுதான். ஆனால் அந்த விதி தடுப்பது ஒலிபெருக்கியையும் வாத்தியத்தையுமே அன்றி வெறும் தொண்டையை அன்று. ஆடுகளத்துக்கு மேலே கயிற்றில் மைக்கைத் தொங்கவிடும் வழக்கம் நம் தாத்தா காலத்தில் ஏது? 12 மணிக்கு மைக்கை அவிழ்த்துவிட்டு, வாத்தியங்களையும் ஓரம்வைத்துவிட்டு, ஜனங்களை நெருங்கி உட்காரச் சொல்லி, வெறும் தொண்டையில் பாடட்டும் என்பது என் யோசனை. ஜமாவின் வாத்தியாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "பாடலாம், ஆனால் பின்பாட்டுக்கு இன்னும் இரண்டு ஆள் வேண்டும், சுருதியை ஒரு கட்டை இறக்கிப் பிடிக்க வேண்டும்" என்றார். முடியாதென்று சொல்லவில்லை, பார்த்தாயா!

சென்னையில் அரங்குகளில் இதே கூத்தை இரண்டு மணி நேரமாகச் சுருக்கி ஆடுகிறார்களே என்று நீயும் கேட்பாய். அதை நான் குறை சொல்லவில்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரான், ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததால்தான் நகரத்தில் பலருக்கு இந்தக் கலையின் பெயரே தெரியவந்தது. அங்கே காப்பும் இல்லை, தீமிதியும் இல்லை, ஆகவே சுருக்கலாம். இங்கே சூதாட்டமும் துகிலுரிதலும் வரும் பகடைத் துகிலில் துச்சாதனன் வேடம் கட்டியவர், துகிலில் கை வைக்குமுன் கற்பூரம் ஏற்றி, "தாயே, இது வேடம், என்னை மன்னித்துவிடு" என்று வேண்டிக்கொண்டுதான் தொடுகிறார். வேண்டுதலை நள்ளிரவுக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

ஆகவே நான் விட்டுக்கொடுத்து ஒரு கணக்குப் போட்டிருக்கிறேன். ராஜசூயமும் குறவஞ்சியும் போகட்டும்; 8 இரவு இருக்கட்டும். பாட்டுக் கச்சேரியைக் காப்புக் கட்டுவதற்கு முன்பே வைத்துக்கொள்ளட்டும், நானும் வந்து முன்வரிசையில் உட்காருகிறேன். கீசக வதத்தை மட்டும் விடமாட்டேன், ஏனென்றால் பீமன் சேலை கட்டிக்கொண்டு கீசகனுக்காகக் காத்திருப்பதைப் பார்த்து நம் குண்டுமணி சிரித்த சிரிப்பு இன்னும் இந்தத் தெருவில் கேட்கிறது.

இதில் நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. குழுவின் தலைவர் உன் பங்காளிதான். கிணற்று விவகாரத்துக்குப் பிறகு அவர் நான் சொன்னால் கேட்கமாட்டார், நீ சொன்னால் கேட்பார். தலைக்கட்டு வரியோடு உன் பங்காக நீ ஆண்டுதோறும் அனுப்பும் தொகையை இம்முறை பின்பாட்டுக்காரர்களின் சம்பளத்துக்கென்று பெயர் குறித்து அனுப்பினால் இன்னும் நல்லது. அர்ச்சுனன் தபசு அன்றைக்காவது குடும்பத்தோடு வந்துவிடு. தபசு மரத்தில் ஏறுபவர் மேலேயிருந்து வீசும், பிள்ளைவரம் தரும் என்று நம்பும் எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொடுக்க உன் மருமகளுக்கு ஆள் வேண்டும் என்று உன் வீட்டம்மா என் வீட்டம்மாவிடம் போனில் சொன்னாராம். எனக்குத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

எழுத நேரமில்லையென்றால் பங்காளிக்குப் போனாவது போட்டுவிடு. நோட்டீஸ் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

இப்படிக்கு,
உன் அன்புள்ள,
முனுசாமி