தனித்து நிற்கும் பிள்ளைகளும் ஆலோசனை வேளையும்

மதிப்பிற்குரிய பெற்றோருக்கு,

வணக்கம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள மாணவர்களில் சிலரை, இந்தப் பருவம் முழுவதும், வாரம் ஒரு பாடவேளை பள்ளி ஆலோசகரிடம் அனுப்பவிருக்கிறோம். அதற்கான ஒப்புதல் படிவத்தைக் கண்டதும் "என் பிள்ளைக்கு என்ன குறை?" என்று சிலர் பதறக்கூடும் என்பதால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

அமைதியான சுபாவம் குறையன்று. மரத்தடியில் தனியே அமர்ந்து கதைப் புத்தகம் படித்து மகிழும் பிள்ளையை நாங்கள் தொந்தரவு செய்யப்போவதில்லை. மதிய இடைவேளையில், நிரம்பியிருக்கும் தண்ணீர் பாட்டிலையே மறுபடி மறுபடி குழாயடிக்குக் கொண்டுபோய், விளையாடுபவர்களைப் பார்த்தபடி நேரத்தைக் கடத்தும் பிள்ளைதான் எங்கள் கவலை. அப்பிள்ளைக்குச் சேர ஆசை இருக்கிறது; சேரும் விதம்தான் பிடிபடவில்லை.

அந்த விதத்தைப் பழக்குவதே இந்த வேளையின் நோக்கம். கோ-கோ ஆட்டத்தின் நடுவே ஓடிப்போய் "என்னையும் சேர்த்துக்கோ" என்றால் பெரும்பாலும் "ஆள் நிறைஞ்சாச்சு" என்ற பதில்தான் வரும்; மாறாக, அருகில் நின்று கவனித்து, ஒரு சுற்று முடிந்ததும் "அடுத்த ஆட்டத்துக்கு நான் வரட்டுமா?" என்று கேட்டால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். இதை ஆலோசகர் நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுவில் நடித்துப் பார்க்கவைப்பார். மறுத்தால் முகம் சுருங்காமல் விலகுவதும் அதில் அடங்கும். எளிதில் பழகும் மாணவர் இருவரையும் குழுவில் சேர்க்கிறோம். ஏனெனில் ஒதுங்கும் பிள்ளையை மட்டும் மாற்ற முயல்வது பாதி வேலைதான். அணித்தலைவர்கள் ஆள் பொறுக்கும் வழக்கத்தையும் நிறுத்தி, இனிச் சீட்டுக் குலுக்கியே அணி பிரிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் செவித்திறனை அரசு மருத்துவமனையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒருமுறை பரிசோதியுங்கள். இரைச்சலுக்கிடையே பேச்சைப் பிடிக்க முடியாத பிள்ளை, கூட்டத்திலிருந்து தானாகவே விலகிவிடும். நாமோ அதைக் கூச்சம் என்று எண்ணிக்கொள்வோம். உறவினர் யாராவது பிள்ளையிடம் அதன் பெயரைக் கேட்டால், அது வாய் திறக்குமுன் நீங்கள் பதில் சொல்லிவிடாதீர்கள். "இவன் யார்கிட்டயும் பேச மாட்டான்" என்று அவன் காதுபடச் சொல்வதையும் தவிருங்கள். விடுமுறை நாளில் வகுப்புத் தோழர் ஒருவரை மட்டும் வீட்டுக்கு அழைப்பது, பிறந்தநாள் கூட்டத்தைவிடப் பயன் தரும்.

ஆலோசகரிடம் பிள்ளை பேசுவதை ஆசிரியர்களுக்கோ எனக்கோ அவர் சொல்லமாட்டார். உங்களுக்கும் பொதுவான முன்னேற்றம் மட்டுமே தெரிவிக்கப்படும். பிள்ளையின் பாதுகாப்புக்கு ஆபத்து எனத் தெரிந்தால் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. பாலியல் குற்றமென்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் அளிப்பது கட்டாயம். பள்ளியில் பேசத் தயங்கும் பிள்ளைகள் 14417 என்ற கல்வி உதவி எண்ணையோ 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையோ அழைக்கலாம்.

விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்த மாட்டோம். ஐயமிருப்பின் பள்ளி முடிந்தபின் என் அறைக்கு வாருங்கள். மற்ற பெற்றோர் நிற்கும் வகுப்பறை வாசலில் மட்டும் இதுபற்றி ஆசிரியரிடம் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்